அலர்ட் விதிகளின் அனொடேஷன்களைச் சரிபார்க்க பைன்ட் லின்டரை அமைப்பது: முழுமையான வழிகாட்டி

இரவு இரண்டே முக்கால் மணிக்கு வந்த ஒரு அலர்ட் இப்படி இருந்தது: "டிஸ்க் நிரம்புகிறது, சர்வர்: ". முக்காற்புள்ளிக்குப் பிறகு எதுவும் இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட சர்வர்களில் எது என்று கண்டுபிடிக்கவே பதினைந்து நிமிடம் போனது. விதியில் இலக்கணப் பிழை கிடையாது, விதிகளின் இலக்கணத்தைப் பார்க்கும் ப்ரோம்டூல் கருவி அதைச் சரி என்றுதான் சொல்லியிருந்தது. அனொடேஷன் (அலர்ட்டோடு போகும் விளக்க வாசகம்) கேட்ட லேபிள் அந்தக் குவெரியின் விடையிலேயே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த மாதிரிப் பிழைகளைப் பிடிப்பதற்கென்றே கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் திறமூலமாக வெளியிட்ட லின்டர் (கோப்புகளைப் படித்துப் பிழை தேடும் கருவி) பைன்ட். சர்வர்களைக் கண்காணிக்கும் ப்ரோமிதியஸ் மென்பொருளின் அலர்ட் விதிகளில் உள்ள அனொடேஷன்களை அதைக் கொண்டு சரிபார்ப்பது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். கட்டமைப்புச் சொற்கள் கோப்பில் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். இங்கே வாய்விட்டுப் படிப்பது போல எழுதியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் தேவையானவை

விதிகள் எல்லாம் கோப்புகளாக ஒரு கிட் ரெப்போவில் இருக்க வேண்டும். பைன்ட் கோப்புகளைத்தான் படிக்கும். சர்வரில் யாராவது நேரடியாகக் கையால் திருத்திய விதிகள் இருந்தால், முதலில் அவற்றை ரெப்போவுக்குக் கொண்டு வாருங்கள்.

ப்ரோம்டூலின் 'செக் ரூல்ஸ்' கட்டளை எல்லாக் கோப்புகளிலும் பிழையின்றி ஓட வேண்டும். யாமல் (விதிகளை எழுதும் கோப்பு வடிவம்) உடைந்த கோப்புகளோடு பைன்டை ஓட்டினால் பக்கம் பக்கமாகப் பிழை வரும், அதில் அனொடேஷன் பிழை எது என்று தேட முடியாது.

பைன்ட் ஒற்றை பைனரியாகவும் கிடைக்கிறது, கன்டெய்னர் இமேஜாகவும் கிடைக்கிறது. எதை எடுத்தாலும் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு எடுங்கள். கட்டமைப்பில் உள்ள சில அமைப்புகள் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறியிருக்கின்றன. உங்கள் லேப்டாப்பில் ஒரு பதிப்பும் சிஐயில் (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) இன்னொரு பதிப்பும் ஓடினால், "என்னிடம் பாஸ் ஆகிறதே" என்ற வாக்குவாதத்தில் ஒரு நாள் போய்விடும்.

கடைசியாக ஒரு கணக்கெடுப்பு. இப்போதுள்ள விதிகளில் என்னென்ன அனொடேஷன் பெயர்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுங்கள். ரன்புக், ரன்புக் அடிக்கோடு யூஆர்எல், அடிக்கோடு இல்லாத ரன்புக்யூஆர்எல் என்று ஒரே விஷயம், அதாவது அலர்ட் வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் பக்கத்தின் சுட்டி, மூன்று பெயர்களில் கிடக்கும். பெரும்பாலான புதியவர்கள் இந்தப் பட்டியலை எடுக்காமல் நேராகக் கட்டமைப்புக் கோப்பைத் திறந்துவிடுகிறார்கள். அதனால்தான் முதல் ஓட்டத்திலேயே நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளைப் பார்த்து மலைத்து நிற்கிறார்கள்.

2. லேபிளா, அனொடேஷனா?

லேபிள் என்பது அலர்ட்டின் அடையாளம். அலர்ட்மேனேஜர் அதை வைத்துத்தான் யாருக்கு அனுப்புவது, எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. அனொடேஷன், அலர்ட்டைப் படிக்கும் மனிதருக்கான சேதி.

இதைக் குழப்பிக்கொண்டு, அளவீட்டின் மதிப்பை லேபிளில் போடுபவர்கள் இருக்கிறார்கள். மதிப்பு மாறும்போதெல்லாம் லேபிள் மாறும். லேபிள் மாறினால் ப்ரோமிதியஸுக்கு அது புதிய அலர்ட். 'ஃபார்' என்று கொடுத்த காத்திருப்பு நேரம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும், அலர்ட் போய்ச் சேரவே சேராது. பைன்ட் இதைத் தானாகவே பிடித்துவிடும், மதிப்பை அனொடேஷனுக்கு மாற்றச் சொல்லும்.

3. எவை கட்டாயம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கட்டமைப்பை எழுதும் முன் குழுவோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன்: ஒரு வரியில் என்ன நடக்கிறது என்று சொல்ல 'சம்மரி', எங்கே, எவ்வளவு என்று சொல்ல 'டிஸ்க்ரிப்ஷன்', அடுத்து என்ன செய்வது என்று காட்ட 'ரன்புக்_யூஆர்எல்'. குபெர்னெடிஸுக்கான ஆயத்த விதிகளோடு வரும் குபே-ப்ரோமிதியஸ் தொகுப்பின் அலர்ட்களும் இதே மூன்று பெயர்களைத்தான் பயன்படுத்துகின்றன. அந்தத் தொகுப்பிலிருந்து விதிகளை எடுப்பவர்களுக்குப் பெயர் மாற்றும் வேலை மிச்சம்.

ஆறு ஏழு அனொடேஷன்களைக் கட்டாயமாக்கிய குழுக்களைப் பார்த்திருக்கிறேன். லின்டரைத் தாண்டுவதற்காகப் பக்கத்து விதியிலிருந்து அப்படியே காப்பி அடித்து ஒட்டுவார்கள். நடுராத்திரியில் எழுப்பப்படுபவர் கண் திறந்ததும் படிக்கப்போவது எதை என்று யோசியுங்கள். அதை மட்டும் கட்டாயமாக்குங்கள்.

4. கட்டமைப்புக் கோப்பை எழுதுதல்

ரெப்போவின் மேல் அடைவில் புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்பு: டாட் பைன்ட் டாட் எச்சிஎல். பைன்ட் ஓடும் அடைவில் இந்தப் பெயரில் கோப்பு இருந்தால் தானாக எடுத்துக்கொள்ளும்.

அதற்குள் ஒரு 'ரூல்' பிளாக் எழுதுங்கள். அதன் உள்ளே 'மேட்ச்' பிளாக்கில் 'கைண்ட்' என்பதற்கு 'அலர்ட்டிங்' என்று கொடுங்கள். எந்த விதிகளைக் குறி வைக்கிறோம் என்பது படித்தவுடன் தெரிய வேண்டும். பிறகு ஒரு குறிப்பிட்ட அடைவுக்கு மட்டும் வேறு கட்டுப்பாடு வேண்டுமானால், இதே இடத்தில் 'பாத்' சேர்த்துக்கொள்ளலாம்.

மேட்சுக்குக் கீழே ஒவ்வொரு அனொடேஷனுக்கும் ஒரு 'அனொடேஷன்' பிளாக். அதன் தலைப்பில் மேற்கோள் குறிக்குள் அனொடேஷனின் பெயர். உள்ளே மூன்று அமைப்புகள் வேண்டும்.

'ரெக்வயர்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். நான் பார்த்ததில் அதிகம் பேர் விழுகிற குழி இதுதான். இதை எழுதாவிட்டால் பைன்ட் 'ஃபால்ஸ்' என்று எடுத்துக்கொள்ளும். அப்போது அனொடேஷன் இருந்தால் மட்டும் அதன் மதிப்பைப் பார்க்கும், இல்லாவிட்டால் பேசாமல் போய்விடும். ரன்புக் சுட்டிக்கு அழகாக ஒரு ரெஜெக்ஸ் (மதிப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) எழுதிவிட்டு இதை மறந்தால், தப்பான சுட்டி கொடுத்தவர் மாட்டுவார், சுட்டியே கொடுக்காதவர் தப்பித்துவிடுவார்.

'சிவியாரிட்டி' முதலில் 'வார்னிங்' ஆகவே இருக்கட்டும். எழுதாவிட்டாலும் அதுதான். ஆனால் கையால் எழுதி வையுங்கள், 8ஆம் படியில் இதை மாற்றப்போகிறோம்.

'கமெண்ட்' என்பதில் உங்கள் குழுவின் விளக்கத்தை எழுதுங்கள். பிழை அறிக்கையில் அந்த வாசகமும் சேர்ந்து வரும். "சம்மரி தேவை" என்று எழுதுவதால் பயனில்லை, அதை லின்டரே சொல்லிவிடுகிறது. "போன் திரையில் முதலில் தெரிவது இந்த வரிதான், எது, எங்கே என்று ஒரே வரியில் எழுதவும்" என்று எழுதினால், பிழையைப் பார்ப்பவருக்கு என்ன செய்வது என்று அங்கேயே புரிந்துவிடும்.

சேமித்த பின் 'பைன்ட் கான்ஃபிக்' என்று ஓட்டுங்கள். கோப்பை அது எப்படிப் புரிந்துகொண்டது என்று காட்டும். சரியாக இருந்தால் 'பைன்ட் லின்ட்' கட்டளையோடு விதிகள் இருக்கும் அடைவின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள்.

5. மதிப்பைச் சரிபார்த்தல்

இருக்கிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். "பிறகு எழுதவும்" என்று ஒரு டிஸ்க்ரிப்ஷன் இருந்தாலும் 4ஆம் படி அதை விட்டுவிடும். மதிப்பைக் கட்டுப்படுத்த இரண்டு வழிகள்: 'வேல்யூ' என்பதில் ஒரு ரெஜெக்ஸ், அல்லது 'வேல்யூஸ்' என்பதில் அனுமதிக்கும் மதிப்புகளின் பட்டியல். குழுப் பெயர் போல எண்ணிவிடக்கூடிய விஷயத்துக்குப் பட்டியல் போதும். சுட்டிக்கு ரெஜெக்ஸ்தான் வேண்டும்.

ரெஜெக்ஸில் புதியவர்கள் நான்கு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, பைன்டின் ரெஜெக்ஸ்கள் முழு மதிப்போடும் பொருந்த வேண்டும். விக்கியின் முகவரியை மட்டும் எழுதிவிட்டு, அதில் தொடங்கும் எல்லாச் சுட்டிகளும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். முகவரிக்குப் பின்னால் .+ சேர்த்தால்தான் மிச்சப் பகுதி பொருந்தும். அனொடேஷனின் பெயரும் இப்படியே ஒரு ரெஜெக்ஸ்தான். 'ரன்புக்' என்று எழுதினால் 'ரன்புக்_யூஆர்எல்' அதில் சேராது.

இரண்டாவது, பின்சாய்வுக் கோடு. முகவரியில் உள்ள புள்ளியை நிஜப் புள்ளியாகக் காட்ட ரெஜெக்ஸில் \. என்று எழுதுவோம். கட்டமைப்புக் கோப்பின் மொழியான எச்சிஎல்லில் மேற்கோளுக்குள் பின்சாய்வுக்குத் தனிப் பொருள் உண்டு. அதனால் \\. என்று இரண்டு முறை எழுத வேண்டும். ஒன்று மட்டும் எழுதினால் கோப்பே படிக்கப்படாது. இது நல்லதுதான், உடனே தெரிந்துவிடுகிறது.

மூன்றாவதைப் பிடிக்க எனக்கே நேரம் எடுத்தது. டிஸ்க்ரிப்ஷனைப் பலர் யாமலில் | குறி போட்டுப் பல வரிகளில் எழுதுவார்கள். பைன்ட் பயன்படுத்தும் கோ மொழி ரெஜெக்ஸில் புள்ளி, வரி முறிவோடு பொருந்தாது. எனவே .+ என்று எழுதினால் இரண்டு வரி டிஸ்க்ரிப்ஷன் எல்லாம் பிழை என்று வரும். இன்னொன்று, | குறி கடைசியிலும் ஒரு வரி முறிவை விட்டுவைக்கும், ஆகவே ஒற்றை வரி எழுதியிருந்தாலும் தோற்கும். ரெஜெக்ஸின் தொடக்கத்தில் அடைப்புக்குள் கேள்விக்குறியும் சிறிய எஸ் எழுத்தும் போட்டால் புள்ளி எல்லாவற்றோடும் பொருந்தும். யாமல் பக்கம் |- என்று எழுதினால் கடைசி வரி முறிவு போய்விடும், ஆனால் நடுவில் வருபவை இருக்கும். அதனால் டிஸ்க்ரிப்ஷனுக்கு எஸ் கொடிதான் சரி.

நான்காவது, தளர்வான ரெஜெக்ஸ். ரன்புக் சுட்டிக்கு .+ என்று மட்டும் கொடுத்தால், விக்கியின் முகப்புப் பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதற்கு பைன்டில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. ரெஜெக்ஸுக்குள் இரட்டைச் சுருள் அடைப்பில் டாலர் குறியோடு 'அலர்ட்' என்று எழுதினால், சரிபார்க்கப்படும் விதியின் பெயர் அந்த இடத்தில் வந்து உட்காரும். விக்கி முகவரி, சாய்வுக் கோடு, பிறகு இந்த அடைப்பு என்று எழுதிவிடுங்கள். டிஸ்க் அலர்ட்டுக்கு டிஸ்க் பக்கம்தான் இருக்க வேண்டும். நெட்வொர்க் அலர்ட்டிலிருந்து காப்பி அடித்த சுட்டி உடனே மாட்டும். விக்கிப் பக்கங்களை அலர்ட் பெயரிலேயே உருவாக்கும் ஒழுங்கு இருந்தால்தான் இது நடக்கும். அந்த ஒழுங்குக்கு மாறுவது மெனக்கெடத் தக்கது.

6. சுட்டி உயிரோடு இருக்கிறதா?

'ரூல்' பிளாக்குக்குள் 'லிங்க்' என்று ஒரு பிளாக் எழுதினால், அனொடேஷன்களில் உள்ள முகவரிகளை பைன்ட் நிஜமாகவே திறந்து பார்க்கும். இரண்டு எச்சரிக்கைகள். சிஐ ஓடும் இடத்திலிருந்து உங்கள் விக்கியை அடைய முடிய வேண்டும். அப்புறம், உள்நுழைவு கேட்கும் விக்கி, இல்லாத பக்கத்துக்கும் உள்நுழைவுப் பக்கத்தை 200 என்ற பதிலோடு காட்டினால், சோதனை பாஸ் ஆகிவிடும். தேவையான ஹெடரை அந்த பிளாக்கிலேயே கொடுக்கலாம். இதன் தீவிரத்தை 'வார்னிங்' ஆக வையுங்கள். விக்கி பத்து நிமிடம் படுத்துவிட்டது என்பதற்காக யாருடைய மெர்ஜும் நிற்கக் கூடாது.

7. இல்லாத லேபிளைக் கேட்கும் அனொடேஷன்கள்

தொடக்கத்தில் சொன்ன வெற்று அலர்ட்டுக்கு வருவோம். அந்த விதி, ஒவ்வொரு சர்வரின் டிஸ்க்கிலும் மிச்சம் எவ்வளவு என்று எடுத்து, ஜாப் (ஒரே வேலை செய்யும் சர்வர்களின் தொகுதி) வாரியாக 'மின்', அதாவது மிகக் குறைந்த மதிப்பைக் கண்டு, பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் எழுப்பும். ஜாப் வாரியாகத் தொகுத்ததும் விடையில் 'ஜாப்' லேபிள் மட்டும்தான் மிஞ்சும். சர்வரைக் குறிக்கும் 'இன்ஸ்டன்ஸ்' அங்கேயே கழன்றுவிட்டது. சம்மரியோ இன்ஸ்டன்ஸைக் கேட்டது. ப்ரோமிதியஸ் இதற்குப் பிழை காட்டாது, அந்த இடத்தில் வெறும் வெற்றுச் சரத்தை வைத்து அனுப்பிவிடும்.

பைன்டின் 'அலர்ட்ஸ்/டெம்ப்ளேட்' சோதனை இதைக் கண்டுபிடிக்கும். குவெரியைப் பிரித்துப் பார்த்து, விடையில் எந்த லேபிள்கள் மிஞ்சும் என்று கணக்கிட்டு, டெம்ப்ளேட் கேட்பதோடு ஒப்பிடும். நீங்கள் எதையும் எழுத வேண்டியதில்லை, இயல்பாகவே ஓடும். இதன் பிழைகள் 'பக்' என்ற தீவிரத்தில் வரும், அதாவது கட்டளை தோல்வியில் முடியும்.

திருத்தும்போது அவசரப்படாதீர்கள். தொகுப்பில் இன்ஸ்டன்ஸையும் சேர்த்தால் பிழை போய்விடும்; ஆனால் இதுவரை ஜாப்புக்கு ஒன்றாக வந்த அலர்ட் இனிமேல் சர்வருக்கு ஒன்றாக வரும். டிஸ்க் விஷயத்தில் அதுதான் நமக்கு வேண்டும். பிழை விகிதம் போன்றவற்றில் ஜாப் அளவே சரி. அங்கே குவெரியைத் தொடாமல் வாசகத்திலிருந்து இன்ஸ்டன்ஸை எடுத்துவிடுங்கள்.

அளவீடு வராமல் போனதைக் கண்டுபிடிக்க 'ஆப்சென்ட்' பயன்படுத்தும் விதிகளிலும் இந்தச் சோதனை அடிக்கடி கத்தும். இல்லாத ஒன்றுக்கு லேபிள் எங்கிருந்து வரும்? குவெரியில் சமக்குறி போட்டு நீங்களே எழுதிய லேபிள்கள்தான் விடையில் இருக்கும். ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியே அலர்ட் வேண்டுமென்றால் ஆப்சென்ட் அதற்கான கருவி ஆகாது. "லின்டர் தொல்லை செய்கிறது" என்று இந்தச் சோதனையை அணைத்த ஒருவரின் விதிகளைப் பிறகு பார்த்தேன். அது சொன்ன ஒவ்வொன்றும் உண்மை.

8. கெட்ட விதிகளை எழுதி லின்டரையே சோதியுங்கள்

எந்தப் பிழையும் வரவில்லை என்றால் விதிகள் எல்லாம் சரி என்று பொருளாகாது. கட்டமைப்பு எதையுமே பிடிக்காமல் இருக்கலாம். அனொடேஷன் பெயரில் ஒரு எழுத்தோ பாத்தில் ஒரு அடைவோ தப்பினால் போதும், எல்லாம் அமைதியாக பாஸ் ஆகும்.

அதனால் வேண்டுமென்றே தப்பாக நான்கைந்து விதிகள் எழுதுங்கள்: சம்மரி இல்லாதது, ரன்புக் சுட்டி வேறு அலர்ட்டுக்குப் போவது, இல்லாத லேபிளைக் கேட்பது, இரண்டு வரி டிஸ்க்ரிப்ஷனோடு ஒழுங்காக இருப்பது. கடைசியில் சொன்னது பாஸ் ஆக வேண்டும், மற்றவற்றில் பிழை காட்ட வேண்டும். ஒரு கோப்புக்கு ஒரு பிழை மட்டும் வையுங்கள். இரண்டு பிழைகள் ஒரே கோப்பில் இருந்தால், ஒன்று பிடிபடாமல் போவது தெரியாது.

இந்த மாதிரிகள் தனி அடைவில் இருக்கட்டும். 'பார்ஸர்' பிளாக்கின் 'எக்ஸ்க்ளூட்' பட்டியலில் அந்த அடைவைச் சேருங்கள், இல்லாவிட்டால் மாதிரியைத் திருத்தும்போது சிஐ நிற்கும். சோதிக்கும்போது மாதிரிகளையும் கட்டமைப்புக் கோப்பையும் வேறு பெயருள்ள தற்காலிக அடைவுக்கு நகலெடுத்து ஓட்டுங்கள். பாதை மாறிவிடுவதால் விலக்கு அங்கே பொருந்தாது.

இங்கேதான் தீவிரத்தைப் பற்றிப் பேச வேண்டும். லின்ட் கட்டளை இயல்பாக 'பக்' அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் தோல்வி என்று முடியும். வார்னிங் எத்தனை வந்தாலும் திரையில் காட்டிவிட்டு வெற்றி என்றே முடிக்கும். முதல் இரண்டு வாரம் வார்னிங்கோடு ஓட்டி, பழைய விதிகளைச் சரி செய்யுங்கள். பட்டியல் காலியானதும் 'சிவியாரிட்டி'யை 'பக்' ஆக்குங்கள். முதல் நாளே 'பக்' போட்டால், தொடர்பே இல்லாத ஒரு சின்னத் திருத்தம் செய்ய வந்தவர் தலையில் பழைய பிழை வந்து விழும். வார்னிங்கிலேயே விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

9. சிஐயில் சேர்த்தல்

சிஐக்கென்று 'பைன்ட் சிஐ' என்ற தனிக் கட்டளை உண்டு. உங்கள் பிராஞ்சின் கமிட்களை முதன்மை பிராஞ்சோடு ஒப்பிட்டு, மாறிய விதிகளைப் பார்க்கும்.

'சிஐ' பிளாக்கில் 'பேஸ்பிராஞ்ச்' எழுதுங்கள். எழுதாவிட்டால் 'மாஸ்டர்' என்று எடுத்துக்கொள்ளும். இப்போது பெரும்பாலான ரெப்போக்களில் அது 'மெயின்'.

சிஐ கருவிகள் வேகத்துக்காகக் கடைசி கமிட்டை மட்டும் இறக்கும். அப்போது பைன்டுக்கு ஒப்பிட வரலாறு இருக்காது. ரெப்போவை முழு வரலாற்றோடு இறக்கச் சொல்லுங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் 'ஃபெட்ச் டெப்த்' என்பதை 0 ஆக்க வேண்டும். ஒரு பிராஞ்சில் 20க்கு மேல் கமிட்கள் இருந்தாலும் பைன்ட் நின்றுவிடும், அது ஒரு பாதுகாப்பு வரம்பு. வரம்பை உயர்த்தும் முன், வரலாறு சரியாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாறியதை மட்டும் பார்ப்பதால், புதிய கட்டுப்பாடு சேர்த்த அன்று பழைய விதிகள் அதன் கண்ணில் படாது. வாரம் ஒருமுறை 'பைன்ட் லின்ட்' மொத்த ரெப்போவிலும் ஓடும்படி இன்னொரு வேலை வையுங்கள்.

10. குபெர்னெடிஸும் ஹெல்மும்

குபெர்னெடிஸில் விதிகளை வைக்கும் ப்ரோமிதியஸ்ரூல் வகைக் கோப்புகளில் விதிகள் சில அடுக்கு உள்ளே இருக்கும். பைன்ட் இயல்பாக நேரடி விதிக் கோப்பைத்தான் எதிர்பார்க்கும், மேலே உள்ள மற்றவற்றைப் பிழை என்று சொல்லும். 'பார்ஸர்' பிளாக்கின் 'ரிலாக்ஸ்ட்' பட்டியலில் அந்தக் கோப்புகளின் பாதையைக் கொடுங்கள். உள்ளே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஹெல்ம் சார்ட்டுக்குள் (குபெர்னெடிஸ் கோப்புகளை வார்ப்புருவிலிருந்து உருவாக்கும் தொகுப்பு) விதிகள் இருந்தால் அப்படியே லின்ட் செய்யாதீர்கள். ஹெல்மும் இரட்டைச் சுருள் அடைப்பைப் பயன்படுத்துகிறது, ப்ரோமிதியஸும் அதையே பயன்படுத்துகிறது. 'ஹெல்ம் டெம்ப்ளேட்' ஓட்டி, வெளிவரும் யாமலை லின்ட் செய்யுங்கள். தப்பித்தல் குறி போட மறந்ததால் ஹெல்மே விழுங்கிவிட்ட லேபிள்களும் அங்கேதான் வெளிச்சத்துக்கு வரும்.

11. விதிவிலக்குகள்

சில விதிகளுக்கு நிஜமாகவே ரன்புக் இருக்காது. அலர்ட் வரும் பாதை உயிரோடு இருக்கிறதா என்று காட்ட, எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் வாட்ச்டாக் அலர்ட் ஓர் உதாரணம். அந்த விதிக்குள் # குறியோடு 'பைன்ட் டிசேபிள்' என்று எழுதி, பக்கத்தில் சோதனையின் பெயரைக் கொடுத்தால் அங்கே மட்டும் அணையும். கோப்பு முழுவதற்கும் அணைக்கும் வடிவம் ஒன்றும் இருக்கிறது, அதை நான் பயன்படுத்துவதில்லை. அந்தக் கோப்பில் நாளை சேரும் விதிக்கும் அதே சலுகை போய்விடும்.

"அடுத்த வாரம் எழுதுகிறேன்" என்பவர்களுக்கு 'பைன்ட் ஸ்னூஸ்'. அதில் ஒரு தேதி கொடுக்க வேண்டும், அந்த நாள் வந்ததும் சோதனை திரும்ப விழித்துக்கொள்ளும். டிசேபிள் கேட்டு வரும் புல் ரெக்வெஸ்ட்களில் பாதிக்கு மேல் ஸ்னூஸே போதும் என்று நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சம்மரி இல்லாமல் எந்த அலர்ட்டும் போகக் கூடாது என்று குழு உறுதியாக இருந்தால், சம்மரிக்கு மட்டும் தனி 'ரூல்' பிளாக் எழுதி அதில் 'லாக்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். கமெண்ட் எழுதி அதை யாரும் அணைக்க முடியாது. ரன்புக் பிளாக்கை இதில் சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் வாட்ச்டாக்குக்கு வழி இருக்காது.